அவள் வைக்க வேண்டிய கையெழுத்து

ரஸாக்கின் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு கடிதம் கிடக்கிறது. போன வார அத்தியாயத்திலிருந்து அது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். லொறியில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரும், அவனை நானா என்று கூப்பிடும் தங்கச்சி பஸீஹாவுக்கு மட்டும் தெரியாது.

நுரைச்சோலையில் ஏறியதிலிருந்து அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"சாப்பிட்டியா?"

"ஓம்."

"என்ன?"

"பாண்."

"பாணோட?"

"பாணோட தேத்தண்ணி. என்ன நானா, கோட்ஸுக்குப் போக முந்தியே விசாரணையத் தொடங்கிட்டீங்க?"

ரஸாக் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. லொறியின் பின்பக்கம் நேற்று இறக்கிய வெங்காயத்தின் சருகு பறந்துகொண்டிருந்தது.

பதினாலு நாளைக்கு முன்னால் பஸீஹா சட்டத்தரணி ஷஃபீனாவோடு புத்தளம் நீதிமன்றப் படி ஏறினாள். ஒன்பது வருஷமாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தவள் அன்றைக்கு வாயைத் திறந்தாள். நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கொடுத்தார். புருஷன் ரிஃபாஸ் வீட்டை விட்டு வெளியேறி, கற்பிட்டியில் தன் கருவாட்டு வாடிக் குடிசையில் போய்க் கிடந்தான். இன்றைக்கு விசாரணை. கட்டளையைப் பன்னிரண்டு மாதத்துக்கு நீட்டுவதா, இத்தோடு விடுவதா என்று நீதவான் தீர்மானிப்பார். விட்டுவிட்டால் ரிஃபாஸ் பின்னேரமே வீட்டு வாசலில் நிற்பான். பஸீஹாவின் வாப்பா அவளுக்குச் சீதனமாகக் கட்டி வைத்துவிட்டுப் போன வீட்டு வாசலில்!

அந்த வாசல் அவனுக்குப் பூட்டியே இருக்க வேண்டும். பஸீஹா கேட்டது அது ஒன்றைத்தான்.

ரஸாக் கெட்டவன் இல்லை. அவனைத் திட்டி எனக்குக் கடிதம் எழுதிய வாசகிகள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். வாப்பா கண்ணை மூடிய பிறகு தங்கச்சிக்கு நிக்காஹ் முடித்து வைத்தது அவன்தான். அவன்தான் அவளுடைய வலீ, அதாவது பெண்ணுக்குப் பொறுப்பாக நின்று அவளைக் கட்டிக் கொடுத்தவன். அன்றைக்கு ஹோலில் விரித்த பாயில் பதிவுப் புத்தகம் இருந்தது. மாப்பிள்ளை கையெழுத்து வைத்தான், ரஸாக் வைத்தான், சாட்சிகள் வைத்தார்கள். பஸீஹா உள்ளறையில் மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்தாள். புத்தகம் அந்த அறைப் பக்கம் போகவே இல்லை. போயிருந்தாலும் அதில் அவள் கையெழுத்துக்கு இடம் இருக்கவில்லை.

கட்டி வைத்த கையெழுத்து என்னுடையது, அப்படியானால் வழக்கை முடித்து வைக்கிற கையெழுத்தும் என்னுடையதுதானே? ரஸாக் இப்படித்தான் நினைத்தான். எங்கள் ஊரில் பத்து ஆம்பிளைகளில் ஒன்பது பேர் இப்படித்தான் நினைப்பார்கள். பத்தாவது ஆள் சட்டம் படித்தவராக இருப்பார்.

நீதிமன்ற வாசலில் பள்ளிவாசல் ட்ரஸ்டி நெய்னார் ஹாஜியார் நின்றிருந்தார். காதில் போன். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை போல, பார்த்துவிட்டுப் பையில் போட்டார். அவருக்குப் பக்கத்தில் ரிஃபாஸ், வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி. அப்படியொரு பணிவு முகத்தில்! பார்க்கிறவர்கள் இவனுக்கா வழக்கு என்று பாவப்படுவார்கள்.

ரஸாக் நேராகப் போய் ஹாஜியாரிடம் கடிதத்தைக் கொடுத்தான். ஹாஜியார் அதை ரிஃபாஸின் லோயரிடம் கொடுத்தார். லோயர் வாசித்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

"என்ன நானா அது?"

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாததையா அந்த லோயர் பத்திரமா கொண்டு போறார்?"

ரஸாக் தரையைப் பார்த்தான். "வழக்க வாபஸ் எடுக்கிறதா எழுதிக் குடுத்திட்டன். பொறு, பொறு, கத்தாத. ரிஃபாஸ் பள்ளியில வெச்சு சத்தியம் செஞ்சிரிக்கான். இனிக் கை நீட்ட மாட்டானாம்."

"ஆர்ட வழக்க?"

"உன்ட..."

"என்ட வழக்க நீங்க எப்பிடி வாபஸ் எடுப்பீங்க?"

"நான்தானே உன்ட வலீ. நிக்காஹ்வுக்கு நான்தானே கையெழுத்து வெச்சன்."

பஸீஹாவுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. நல்ல கோபம். "நானா, ஒன்பது வருஷமா அடி வாங்கினது நான். அதுக்கும் நீங்களா வலீ?"

ஹாஜியார் கிட்ட வந்தார். பெரிய மனிதருக்குரிய அந்தக் குரலில், "ஸபூர் செய்யணும் புள்ள, பொறுமை வேணும். குடும்பம் எண்டா நாலும் இரிக்கும். என்ட மகளப் பாரு. முந்தல் ஊருக்குக் கட்டிக் குடுத்து அஞ்சு வருஷம். ஒரு சத்தம் வெளிய வந்திரிக்கா?" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

அந்த நேரம் ஷஃபீனா வந்து சேர்ந்தாள். வெள்ளை ஹிஜாப், கறுப்புக் கோட், கையில் இரண்டு வழக்குக் கோவை. இந்தப் பெண்ணுக்கு நடக்கத் தெரியாது, ஓட மட்டும்தான் தெரியும். பஸீஹா நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டதே பெரிய விஷயம்.

"நீங்கதானா நானா?"

"ஓம் மிஸ்."

"கடிதம் எதப் பத்தி எழுதினீங்க?"

"வழக்கப் பத்தி."

"வழக்குல என்ன இரிக்கெண்டு வாசிச்சீங்களா?"

ரஸாக் வாசிக்கவில்லை. இரண்டு மூன்று அறை விழுந்திருக்கும், எந்த வீட்டில்தான் விழவில்லை என்று ஹாஜியார் சொல்லியிருந்தார். அதற்கு மேல் அவன் யாரிடமும் கேட்கவில்லை. தங்கச்சியிடம் கேட்க அவனுக்குக் கூச்சம்.

ஷஃபீனா கோவையிலிருந்து நாலு தாளை உருவினாள். "இது பஸீஹா கைப்பட எழுதித் தந்தது. இத வெச்சுத்தான் மனு செஞ்சோம். பஸீஹா, வாசிக்கக் குடுக்கவா?"

பஸீஹா கொஞ்சம் யோசித்தாள். "குடுங்க மிஸ். எனக்குச் சொல்ல வாய் வரா. அவர் வாசிக்கட்டும்."

அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாள்கள். ரஸாக் வாங்குப் பலகையில் உட்கார்ந்து வாசித்தான். முதல் தாள் முடிந்தபோது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். இரண்டாவது தாளை இரண்டு தரம் வாசித்தான். மூன்றாவது தாளில், மேலிருந்து ஐந்தாவது வரியில், போன ஹஜ்ஜுப் பெருநாள் இருந்தது.

அந்தப் பெருநாள் அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. குடும்பத்தோடு அந்த வீட்டுக்குப் போயிருந்தான். பஸீஹா இடது கையில் துணி சுற்றியிருந்தாள். என்னவென்று கேட்டதற்கு எண்ணெய் தெறித்தது என்றாள். "ஒன்பது வருஷமாச்சு, இன்னும் தாச்சி பிடிக்கத் தெரியா உனக்கு" என்று இவன் கேலி பண்ணினான். ரிஃபாஸ் பக்கத்தில் இருந்து சிரித்தான். இவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வட்டிலப்பம் தின்றான்.

எண்ணெய் தெறிக்கவில்லை. இறைச்சியில் உப்புக் கூடிவிட்டது என்று ரிஃபாஸ் அவள் கையைப் பிடித்துச் சூடான தாச்சிச் சட்டியில் வைத்திருக்கிறான். இவர்கள் வாசலில் வந்து ஸலாம் சொல்வதற்கு அரை மணித்தியாலம் முந்தி.

ரஸாக் தாள்களைச் சேர்த்து ஷஃபீனாவிடம் கொடுத்தான். எழுந்து மரத்தடிக்குப் போனான்.

"ஹாஜியார், கடிதத்தத் திருப்பித் தாங்க."

"என்ன பேசிறாய்? லோயர் உள்ள கொண்டு போயிட்டாரே."

உள்ளேயிருந்து வழக்கின் இலக்கத்தைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

குடும்ப வழக்கு என்பதால் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். கடிதம் எழுதியவன் என்று ரஸாக்கை மட்டும் உள்ளே விட்டார்கள். நீதவான் கண்ணாடி போட்ட ஒரு பெண். சிங்களத்தில் பேசினார். மொழிபெயர்க்கிற நீதிமன்ற அதிகாரியான முதலியார் பக்கத்தில் நின்றார்.

ரிஃபாஸின் லோயர் எழுந்தார். இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன, பெண்ணின் வலீயே எழுதித் தந்திருக்கிறார், ஆகையால் கட்டளையை இத்தோடு முடித்துவிடலாம் என்றார். சொல்லும்போதே கோவையைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

முதலியார் கடிதத்தை வாசித்து மொழிபெயர்த்தார். நீதவான் கண்ணாடியைக் கழற்றினார்.

"மனுதாரர் யார்?"

"பஸீஹா."

"இதிலுள்ள கையெழுத்து யாருடையது?"

"மனுதாரரின் சகோதரர் ரஸாக்."

"மனுதாரரின் கையெழுத்து எங்கே?"

லோயர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. பஸீஹா வைத்திருந்தால்தானே இருக்கும்.

ரஸாக்கை முன்னால் வரச் சொன்னார்கள். வெங்காயச் சந்தையில் நாலு பேரை ஒரே மூச்சில் மடக்கும் ரஸாக், அந்த ஐந்தாறு அடியை நடக்க அவ்வளவு நேரம் எடுத்தான். ஒரு பக்கம் ரிஃபாஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபக்கம் பஸீஹா அவனைப் பார்க்கவே இல்லை.

"இதை எழுதியது நீங்களா?" முதலியார் கேட்டார்.

"ஓம்."

"தங்கச்சி எழுதச் சொன்னாரா?"

ஓம் என்று சொல்லியிருந்தால் ஒரு வேளை எல்லாம் குழம்பியிருக்கும். பள்ளியில் கொடுத்த வாக்கு இருக்கிறது, ஜமாஅத்தின் முகம் இருக்கிறது, நாளைக்கு ஜும்மாவில் நாலு பேர் கேட்பார்கள். ரஸாக் அதையெல்லாம் ஒரு தரம் யோசித்தான்.

"இல்ல மெடம். அவவுக்குத் தெரியா. அவவக் கேக்காமத்தான் எழுதினன். அவ எழுதினத நான் இப்பதான் வாசிச்சன்." பிறகு யாரும் கேட்காமலே சொன்னான். "அந்தப் பெருநாளுக்கு நான் அந்த ஊட்டுலதான் இரிந்தன். கையில சுத்தின துணியையும் கண்டன். எண்ணெ எண்டு சொன்னா. நான் சிரிச்சன் மெடம்."

முதலியார் பல வருஷம் பலருடைய வாயை மொழிபெயர்த்தவர். அவரும் அந்தக் கடைசி வார்த்தைக்கு முன்னால் கொஞ்சம் நின்றுதான் சொன்னார்.

நீதவான் பஸீஹாவைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன வேண்டும்?"

இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. முஸ்லிம் விவாக வழக்குகளைப் பார்க்கும் காதி நீதிபதியிடம் போனபோதுகூட, நானாவைக் கூட்டிக்கொண்டு வா என்றுதான் சொன்னார்கள்.

"அவர் என்ட வாசலுக்கு வரக் கூடாது" என்றாள் பஸீஹா. "புள்ளயப் பாக்கணும் எண்டா பாக்கட்டும், நான் தடுக்க மாட்டன். ஆனா என்ட வாசலுக்கு வரக் கூடாது."

ரிஃபாஸின் லோயர் குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னார். ரிஃபாஸ் தலையை ஆட்டி மறுத்தான். லோயர் ரஸாக் நின்ற பக்கம் கண்ணைக் காட்டி மறுபடி சொன்னார். சாட்சி சொல்ல மைத்துனனே நிற்கிறான், விசாரணை நடந்தால் இன்னும் எவ்வளவு வெளியே வரும் என்று சொல்லியிருப்பார். கடைசியில் எழுந்து, "கட்டளைக்கு ஆட்சேபனை இல்லை" என்றார்.

பன்னிரண்டு மாதம். ரிஃபாஸ் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது, போனில் தொல்லை கொடுக்கக் கூடாது. மகளை மாதம் இரண்டு தரம் பிரதேச செயலகத்தில் அதிகாரி ஒருவர் முன்னிலையில் பார்க்கலாம். மீறினால் குற்றம், சிறைக்கும் போக வேண்டி வரும். முதலியார் ஒவ்வொன்றாகச் சொல்ல, பஸீஹா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

கட்டளையின் பிரதி கிடைக்க இரண்டு மணியாகிவிட்டது. நீதிமன்ற லிகிதர் புத்தகத்தைத் திருப்பி வைத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வையுங்கள் என்றார். ரஸாக்கின் கை வழக்கப்படி சட்டைப் பைக்குப் போய்ப் பேனையை எடுத்துவிட்டது. எடுத்தவன் ஒரு கணம் நின்றான். பிறகு மூடியைக் கழற்றித் தங்கச்சியிடம் நீட்டினான்.

பஸீஹா வாப்பாவின் பெயரோடு தன் முழுப் பெயரையும் எழுதினாள். கட்டத்துக்குள் அடங்கவில்லை. லிகிதர் புத்தகத்தை மூடினார்.

வெளியே வந்ததும் அவளுக்குப் பசித்தது. சும்மா பசி இல்லை, வயிற்றைப் பிடுங்குகிற பசி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு மீன் ரோல்ஸ் தின்றாள், ஒரு முட்டை ரொட்டி தின்றாள், தேத்தண்ணிக்கு இரண்டாம் தரம் சீனி கேட்டாள். அல்ஹம்துலில்லாஹ், பதினாலு நாளாக இந்தப் பெண் ஒழுங்காக ஒரு வாய் சாப்பிட்டதில்லை!

ரஸாக் ஒன்றும் தின்னவில்லை. பிளேன்டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்டைக்கு நான் ரெண்டு துண்டு வட்டிலப்பம் தின்டன்" என்றான் கடைசியில்.

"மூணு."

"என்ன?"

"மூணு துண்டு நானா. நான்தானே வெட்டி வெச்சன்."

ரஸாக் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. பஸீஹா தன் தட்டிலிருந்த ரோல்ஸில் பாதியை ஒடித்து அவன் பக்கம் தள்ளினாள். "தின்னுங்க. லொறி ஓட்டணும்."

வரும் வழியில் பொலிஸில் பிரதியைக் கொடுத்துவிட்டு, ரஸாக்கின் வீட்டுக்குப் போய், அங்கே விட்டிருந்த பஸீஹாவின் மகள் அஸ்னாவைக் கூட்டிக்கொண்டார்கள். ரஸாக்கின் பெண்சாதி நிஸ்ரின் விஷயத்தைக் கேட்டதும் பஸீஹாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நான் அண்டைக்கே சொன்னேனா இல்லையா? பொம்புள சொன்னா உங்களுக்குக் காதுல ஏறாதே" என்று தொடங்கியவள், லொறி கிளம்பும்வரை நிறுத்தவில்லை. ரஸாக் எல்லாவற்றுக்கும் ஓம் என்றான்.

பஸீஹாவின் வீட்டுக்குள் நுழைந்ததும் அஸ்னாவுக்கு ஏழு வயதுக்குரிய அவசரம். பிஸ்கட் எடுக்க ஓடிய ஓட்டத்தில் பீங்கான் தட்டு கீழே விழுந்து உடைந்தது. தாயும் மகளும் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்த வீட்டில் பீங்கான் உடைந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒன்றும் நடக்கவில்லை. வெளியே ஒரு காகம் கத்தியது. வாசல் கதவுக்குப் புதுக் கொண்டி பூட்டிக்கொண்டிருந்த ரஸாக், "காலப் பாத்து வை புள்ள" என்று மட்டும் சொன்னான்.

அஸ்னாதான் முதலில் சிரித்தாள். பிறகு பஸீஹாவும் சிரித்தாள், விளக்குமாறைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வரும்வரை சிரித்தாள்.

மஃரிபுத் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கேற்றடியில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. இறங்கியது நெய்னார் ஹாஜியார்.

ரஸாக் கொண்டியை விட்டுவிட்டு எழுந்தான். கையில் ஸ்க்ரூ ட்ரைவரோடு கேற்றை மறித்து நின்றான். "ஹாஜியார், பள்ளிக்குக் குடுத்த வாக்க முறிச்சது நான். ஏச வந்தா என்ன ஏசுங்க. அவகிட்டப் போகாதீங்க."

"உன்னோட இல்ல ரஸாக். தங்கச்சியோடதான் கதைக்கணும்."

காலையில் இருந்த குரல் இல்லை அது. பஸீஹா முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தாள். ஹாஜியார் அவள் முகத்தைப் பார்க்காமல் கேற்றுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"புள்ள, அந்த மனுப் போடுறதுக்கு... ஆர்ட கையெழுத்து வேணும்? வாப்பா வெச்சாக் காணாதா? போதாதா?"

பஸீஹாவுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் கையிலிருந்த போனைப் பார்த்தாள். காலையில் மரத்தடியில் காதில் வைத்துக்கொண்டு நின்ற அதே போன். மகளுக்காகத்தான் கேட்கிறார் என்று விளங்கிவிட்டது.

"காணாது ஹாஜியார்" என்றாள் மெதுவாக. "அவதான் வைக்கணும்."

ஹாஜியார் தலையாட்டினார். "மகள் போன் எடுக்கிறாள் இல்ல புள்ள. நாலு நாளாச்சு. இண்டைக்குப் பகல் மாப்புள எடுத்தான். தூங்கிறாள் எண்டான். பகல் பன்னெண்டு மணிக்குத் தூங்கிறாளாம்."

காலையில் இந்த மனிதர் சொன்னதை அவருடைய முகத்தில் வீசியெறிய பஸீஹாவுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு வார்த்தை போதும். அவள் அதைச் சொல்லவில்லை. உள்ளே போய் ஷஃபீனாவின் இலக்கத்தை அழுத்தினாள். பாதிக்கப்பட்டவளால் வர முடியாவிட்டால் பொலிஸும் அவளுக்காக மனுப் போடலாம் என்று மிஸ் ஒரு நாள் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது.

போன் காதில் இருக்க, மறு கையால் சால்வையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அஸ்னாவ நிஸ்ரின் மச்சிட்ட விட்டுட்டுப் போவோம். முந்தலுக்கு ஒரு மணித்தியாலம் காணும்" என்றாள். "நானா, லொறிய எடுங்க."